மூன்றாம் குடிலில் கதவு ஒட்டும்

காட்டுக்குள், ஏரிக்கரையில், ஒரு குடும்பமே நடத்தும் மரக்குடிலில் தங்கிப் பாருங்கள் என்று போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கேள்விகளே இந்த இதழுக்குப் போதும்.

படங்களைப் பார்த்து ஒரு குடிலைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பணம் கட்டும் முன் என்னென்ன விசாரிக்க வேண்டும்?

முதலில் போனில் கூப்பிடுங்கள். இந்த மாதிரி இடங்களில் போனை எடுப்பவரேதான் படுக்கை விரிப்பைத் துவைப்பவர், விறகு பிளப்பவர், மோட்டார் நின்றால் கிணற்றடிக்கு ஓடுபவர். கழிப்பறை குடிலுக்குள்ளேயா, வெளியே நடக்க வேண்டுமா? குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அடுத்த குடில் எத்தனை அடியில்? ஏரியில் இறங்கும் இடம் மணலா, பாறையா, சேறா? படத்தில் இது எதுவும் தெரியாது. ஏரி மட்டும்தான் தெரியும்.

பதில் வரும் விதத்தையும் கவனியுங்கள். “எல்லாம் நல்லா இருக்கும், வாங்க” என்று முடித்துவிட்டால் நான் யோசிப்பேன். ஒருமுறை ஒரு பாட்டியம்மா, நான் கேட்காமலே, “மூணாம் குடில்ல கதவு ஒட்டும். தோளால தள்ளணும். வெந்நீர் ரெண்டு பேர் குளிக்கிற அளவுக்குத்தான் வரும், மூணாவது ஆள் அரை மணி பொறுக்கணும்” என்றார். உடனே பதிவு செய்துவிட்டேன். குறையைத் தானே சொல்பவர் வீட்டில் நம்பித் தங்கலாம்.

கணப்பு அடுப்பை மூட்டினால் குடில் முழுக்கப் புகை. கண் எரிச்சலோடு வெளியே உட்கார்ந்திருந்தோம். அடுப்பில் கோளாறா?

அடுப்பைக் குறை சொல்லும் முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, நெடுநேரம் எரியாத புகைபோக்கிக்குள் குளிர்ந்த காற்று கனமாக அடைத்துக்கொண்டு நிற்கும். புகை மேலே போக வழியில்லாமல் அறைக்குள் திரும்பும். புகைபோக்கியைத் திறந்து மூடுகிற, டாம்பர் என்கிற தகடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு செய்தித்தாளை முறுக்கிப் பற்ற வைத்து, புகைபோக்கியின் வாயருகே சிறிது நேரம் பிடியுங்கள். உள்ளே இருக்கும் காற்று சூடாகி மேலே கிளம்பும். தாள் எரியும் புகை ‘சர்’ரென்று மேலே இழுபடுவது கண்ணுக்கே தெரியும். அதன் பிறகு சுள்ளி, கடைசியில்தான் கட்டை.

இன்னொன்று விறகு. வெட்டிப் பிளந்து ஆறு மாதமாவது காய வேண்டும். கெட்டி மரத்துக்கு ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகும். ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் ஒழுங்காக எரியும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது ‘டண்’ என்று கணீரென ஒலிக்கும், நுனியில் வெடிப்பு ஓடியிருக்கும். ஈரக்கட்டை ‘தொப்’பென்று சொல்லும். அதை வைத்து மல்லுக்கட்டாமல், அடுக்கின் உள்பக்கத்திலிருந்து எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். விறகு நன்றாக இல்லை என்று வீட்டிலிருந்து காரில் ஏற்றிக்கொண்டும் போகாதீர்கள். மரப்பட்டைக்குள் இருக்கும் பூச்சிகள் அப்படித்தான் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போய் மரங்களைச் சாகடிக்கின்றன.

தூங்கப் போகும்போது, சூடு தங்கட்டும் என்று தணல் இருக்கையிலேயே தகட்டை மூடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. கூடவே கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதற்கான அலாரம் குடிலில் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே வையுங்கள். அணைந்தது போலத் தெரியும் சாம்பலுக்குள் கங்கு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும்.

மகளுக்குப் பத்து வயது, நன்றாக நீந்துவாள். கரையில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. படகுத்துறையிலிருந்து குதிக்கிறேன் என்கிறாள். விடலாமா?

கரையில் கைவைத்துப் பார்த்த சூட்டை நம்பாதீர்கள். வெயிலில் காய்ந்த தண்ணீர் லேசானது. மேலே ஓர் அடுக்காக மிதக்கும். குளிர்ந்தது கனம் என்பதால் அடியில் கிடக்கும். தண்ணீருக்கு அடர்த்தி மிக அதிகம் 4 டிகிரி செல்சியஸில். துறையிலிருந்து குதித்தால் கால் போய்ச் சேருவது வேறொரு ஏரியில். வெயில் சுள்ளென்று அடித்தாலும் ஏரி இன்னும் சூடேறாத பருவத்தில் இது ரொம்ப ஆபத்து. 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு தானாகவே மூச்சை இழுக்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அது நடந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை.

முதலில் கரையோரமாக மெல்ல இறங்கட்டும். மூச்சு சீரான பிறகு நீந்தட்டும். துறையருகே ஆழம் எவ்வளவு, அடியில் பாறையோ மரக்கட்டையோ உண்டா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, கால் முதலில் படும்படி குதிக்கலாம். தலைகீழாகப் பாய வேண்டாம். படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் இருந்து பிரயோஜனமில்லை. இன்னொன்று: தண்ணீர்மேல் பச்சைப் பெயின்ட் கொட்டினாற்போல ஏடு படிந்திருந்தால் அன்று ஏரிப் பக்கமே போக வேண்டாம். அது நச்சுப் பாசியாக இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு போகாது.

நாங்கள் பாட்டுக்கு எங்கள் குடில் வராந்தாவில் பேசிக்கொண்டிருந்தோம். உரிமையாளர் வந்து “கொஞ்சம் மெதுவா” என்றார். பக்கத்தில் யாருமே இல்லை. இது அவமதிப்புதானே?

பக்கத்தில் இல்லை; எதிர்க்கரையில் இருந்திருப்பார்கள். வெயில் தாழ்ந்த பிறகு நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலே உள்ளது சூடாகவும் இருக்கும். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போவதால், மேலே கிளம்பும் சத்தமும் வளைந்து கீழே இறங்கி, நீர்ப்பரப்பை ஒட்டியே அக்கரை வரைக்கும் போய்விடும். உங்கள் மைத்துனரைப் பற்றி நீங்கள் பேசியதை அங்கே ஒரு குடும்பமே கேட்டிருக்கலாம். அந்த மனிதர் உங்களைக் காப்பாற்றியிருக்கிறார்.

கழிப்பறைச் சுவரில் ‘காகிதம் தவிர எதையும் போடாதீர்’ என்று பெரிதாக எழுதி மாட்டியிருந்தார்கள். விருந்தாளியை இப்படியா வரவேற்பது?

அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்கில் கிருமிகள் கழிவைச் சிதைக்கின்றன. ஈரத் துடைப்பான், நாப்கின், எண்ணெய்ப் பிசுக்கை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அடைத்துக்கொண்டால் குழி தோண்டப் போவது நீங்கள் இல்லை. எழுதியவர் ஏற்கெனவே தோண்டியவராக இருப்பார்.

பிள்ளைகளுக்கு வைஃபை இல்லாமல் பொழுது போகுமா?

முதல் நாள் போகாது. அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

ராத்திரி குடிலுக்குள் எலி ஓடியது. காலையில் அலமாரியில் புழுக்கை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கேட்கலாம், தருவார்களா என்பது வேறு. பென்சில் நுழைகிற ஓட்டை இருந்தால் சுண்டெலிக்குப் போதும். காட்டுக்குள் இருக்கும் மரக்குடிலில் அப்படி ஓர் ஓட்டை இல்லாமல் இருக்காது. தின்பண்டத்தையெல்லாம் மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். புழுக்கையை மட்டும் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். தூசியோடு கிளம்பி மூச்சில் போனால் சில இடங்களில் ஹன்டா வைரஸ் நோய் வரை கொண்டுவிடும். சன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, கிருமிநாசினி தெளித்து நன்றாக ஊறிய பிறகு காகிதத்தால் துடைத்து எடுங்கள். உரிமையாளரிடமும் சொல்லுங்கள். எலி எந்த ஓட்டை வழியாக வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.