பழைய பென்ஸ், புதுப் பெயிண்ட்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (பாளையங்கோட்டை): தூத்துக்குடியில் 1983 மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் 240டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கறுப்பு நிறம். "முழுசா ரீஸ்டோர் பண்ணியாச்சு அண்ணாச்சி, ஷோரூம் கண்டிஷன்லா!" என்கிறார் விற்பவர். ஒன்பது லட்சம் கேட்கிறார். ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் ஓடுகிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஓட்டிப் பார்த்ததை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 240டி, 72 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் டீசல் வண்டி. பாதி தேய்ந்த எஞ்சினோடும் ஊரைச் சுற்றிவரும். எஞ்சின் வேலையை நம் பக்கத்திலேயே செய்துகொள்ளலாம். தகரம் போய்விட்டால் அந்த வசதி கிடையாது. இந்த வண்டியின் விலையே பாடியில்தான் இருக்கிறது. அதுவும் உப்பளக் காற்றில் நின்ற வண்டி என்றால், துரு தின்றது எவ்வளவு, பட்டி (பள்ளத்தையும் ஓட்டையையும் நிரப்பப் பூசும் பசை) போட்டு மறைத்தது எவ்வளவு என்பதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

கழுவித் துடைக்க நேரம் கொடுக்காமல் காலையிலேயே போய் நில்லுங்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம், மெல்லிய துணி, டார்ச், கீழே விரித்துப் படுக்க ஒரு பழைய போர்வை, இவ்வளவு போதும். காந்தத்தைத் துணியில் சுற்றி, முன் மட்கார்டின் பின்பக்கக் கீழ்முனை, நான்கு சக்கர வளைவுகளின் ஓரம், கதவுகளின் அடிவிளிம்பு ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். தகரம் என்றால் டக்கென்று பிடிக்கும். பட்டி கனத்திருந்தால் வழுக்கி விழும். பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டர் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குங்கள். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான். மேலே ஒருமுறை அடித்திருந்தால் 200, 300 காட்டும். 500-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது. ஆயிரத்துக்கு மேல் போனால் அந்த இடத்தில் தகரம் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

கறுப்பு நிறத்தில் ஒரு வசதி உண்டு. டியூப் லைட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்தச் சொல்லி, பின் விளக்குப் பக்கம் குனிந்து, பக்கவாட்டில் ஓடும் வெளிச்சக் கோட்டைப் பாருங்கள். நேராக வரும் கோடு ஒரு கதவில் மட்டும் பாம்பு மாதிரி நெளிந்தால் அங்கே டிங்கர் வேலை நடந்திருக்கிறது.

அடுத்து, பார்வைக்குப் படாத இடங்கள். டபிள்யூ123 என்ற இந்த வரிசை 1976 முதல் 1986 தொடக்கம் வரை ஏறத்தாழ 27 லட்சம் வண்டிகள் வந்தது. எந்த நாட்டில் ஓடினாலும் துரு பிடிப்பது ஒரே இடங்களில்தான். கதவுகளுக்குக் கீழே ரப்பர் மூடி போட்ட நான்கு ஜாக்கி துளைகள் இருக்கும். மூடியைக் கழற்றி விரலை உள்ளே விட்டுச் சுற்றுங்கள். அப்பளம் மாதிரி செதில் செதிலாக உதிர்ந்தால் அந்தப் பக்கம் முழுவதும் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். பேட்டரிக்கு அடியில் உள்ள தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி குழி, முன் பின் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், இவற்றில் எதையும் விடாதீர்கள். வைப்பருக்கு அடியில் காற்று உள்ளே போகும் பள்ளம் இருக்கிறது. அதில் வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் வடிய வழியில்லாமல் உள்ளே இறங்கி, கால் வைக்கும் தரையில் தேங்கும். ஆகவே கார்ப்பெட்டையும் அதற்குக் கீழே உள்ள தார் விரிப்பையும் தூக்கிப் பார்ப்பது கட்டாயம். விற்பவர் தூக்க விடவில்லை என்றால் வேறு பதில் வேண்டியதில்லை, கிளம்பிவிடுங்கள்.

தரையில் ஒட்டுப் போட்டிருப்பதே குற்றமில்லை. ஒரு மில்லிமீட்டர் தகடு வைத்து, ஓரம் முழுக்க சி.ஓ.2 வெல்டிங் செய்து, இரண்டு பக்கமும் பிரைமர் அடித்திருந்தால் நல்ல வேலை. ரிவெட் அடித்து மேலே தார் பூசியிருந்தால் இரண்டு மழைக்காலம் தாங்குவதே பெரிது.

கடைசியாக, பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்கு மேல் உள்ள குறுக்குச் சட்டத்தில் ஒட்டிய தகட்டைப் படியுங்கள். அதில் பெயிண்ட் எண் இருக்கும். கறுப்புக்கு 040, வெள்ளைக்கு 737. தகட்டில் 737 இருந்து வண்டி கறுப்பாக இருந்தால் நிறம் மாற்றியிருக்கிறார்கள். ஆர்.சி.யில் எந்த நிறம் எழுதியிருக்கிறது என்று அங்கேயே பாருங்கள்.

கேள்வி (தென்காசி): 240டி வாங்கி ஆறு மாதமாகிறது. சாவியைத் திருப்பினால் சில நேரம் எஞ்சின் நிற்பதில்லை. ஆரியங்காவு ஏற்றத்தில் இழுவையும் குறைகிறது. மெக்கானிக் டீசல் பம்ப்பைக் கழற்ற வேண்டும் என்கிறார்.

பதில்: கழற்ற விடாதீர்கள். இவை இரண்டும் வெவ்வேறு கோளாறு. இரண்டுமே பெரும்பாலும் பம்ப்பில் இருப்பதில்லை.

இந்த வண்டியில் எஞ்சினை அணைப்பது கரண்ட் அல்ல, வேக்குவம், அதாவது குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சும் விசை. சாவியைத் திருப்பினால் வேக்குவம் போய் பம்ப்பில் டீசலை நிறுத்தும். கதவுப் பூட்டுகளும் அதே வேக்குவத்தில்தான் இயங்குகின்றன. ஒரு கதவுக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்தாலும் போதும், எஞ்சின் அணையாது. பூட்டுக்குப் போகும் மெல்லிய குழாயை எஞ்சின் பக்கத்திலேயே கழற்றி, வாயை அடைத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். இப்போது உடனே நின்றால் ஓட்டை கதவுகளில். ஒவ்வொரு கதவாக அடைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அப்போதும் நிற்காவிட்டால் சாவிக்குப் பின்னால் உள்ள வால்வு, பம்ப்பின் பின்புறம் உள்ள டயாஃப்ரம் என்று போக வேண்டும். அதுவரை பானெட்டுக்குள் 'ஸ்டாப்' என்று எழுதிய சிவப்பு லீவரை அழுத்தி அணையுங்கள். கியரில் போட்டு அமர்த்தி நிறுத்தும் பழக்கம் வேண்டாம்.

இழுவைக்கு வருவோம். ரீஸ்டோர் செய்த வண்டிகள் அதற்கு முன் வருடக்கணக்கில் நின்றவை. டேங்கில் கறுப்புச் சேறு படிந்திருக்கும். ஏற்றத்தில் இழுவை குறையும்போது ஓரமாக நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், அதற்குப் பிறகு வண்டி இழுத்தால் டேங்குக்குக் காற்று வரும் வழி அடைத்திருக்கிறது. அது இல்லையென்றால் டேங்கின் அடியில் உள்ள சல்லடை. அதைக் கழற்ற 46 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும், டேங்க்கைக் காலி செய்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். கூடவே கண்ணாடி போலத் தெரியும் சின்ன ஃபில்டர், பெரிய ஃபில்டர், இன்ஜெக்டர்களுக்கு இடையே ஓடும் நூல் சுற்றிய ரிட்டர்ன் ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். அந்த ஹோஸ் காய்ந்து வெடித்தால் காற்று இழுக்கும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

வால்வு இடைவெளி (கேப்) பார்த்து எவ்வளவு நாளாயிற்று? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்லெட் 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. 24,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இறுகிப்போன வால்வு கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவை) குறைக்கும், இழுவையும் போகும். இதெல்லாம் முடிந்தும் சரியாகவில்லை என்றால் கம்ப்ரஷன் பாருங்கள். நல்ல எஞ்சினில் அழுத்தம் 22 முதல் 24 'பார்' இருக்கும். 15-க்குக் கீழே இறங்கினாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ வேலை பெரிது. மீட்டர் இல்லாமல் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது: சூடான எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயின்மேல் சும்மா கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் பயமில்லை. துள்ளிக் கீழே விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

கேள்வி (வள்ளியூர்): எனக்குக் காட்டிய பென்ஸில் டெம்போ டிராவலர் எஞ்சின் இருப்பதாக ஒருவர் சொன்னார். அப்படியெல்லாம் பொருந்துமா? வாங்கலாமா?

பதில்: பொருந்தும். பஜாஜ் டெம்போ (இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ்) டைம்லர்-பென்ஸ் உரிமத்தோடு இந்தியாவில் தயாரித்தது 240டியில் இருக்கும் இதே ஓஎம்616 குடும்பத்து எஞ்சின்தான். டிராக்ஸிலும் டிராவலரிலும் அதுதான் ஓடியது. 240டி வைத்திருப்பவர்களுக்கு இது வரம். கேஸ்கெட், வால்வு, ஹீட்டர் பிளக் போன்ற சாமான்களுக்கு ஜெர்மனியைப் பார்க்காமல் டெம்போ ஸ்பேர்ஸ் கடைக்குப் போகலாம். ஆனால் பழைய சாமானைக் கையோடு எடுத்துப்போய் அளந்து வாங்குங்கள். 240டியிலேயே 1978-க்கு முன் சிலிண்டர் விட்டம் (போர்) 91 மி.மீ., பிறகு 90.9. பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

முழு எஞ்சினையே மாற்றியிருந்தால் கதை வேறு. பிளாக்கில் உள்ள எண்ணையும் ஆர்.சி.யில் உள்ள எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். டபிள்யூ123 வரிசை 240டியின் அசல் எஞ்சின் எண் 616912 என்று தொடங்கும். சேஸிஸ் எண்ணுக்குள் 123123 வரும். 123120 என்று இருந்தால் அது 200டி, பின்னால் ஒட்டியிருக்கும் '240டி' எழுத்து கடையில் வாங்கியது. எஞ்சின் மாற்றி ஆர்.சி.யில் ஏற்றாத வண்டிக்குப் பெயர் மாற்றமும் சிக்கல், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் சிக்கல். விற்பவரே ஆர்.டி.ஓ.வில் ஏற்றிக் கொடுத்தால் வாங்கலாம். "அது சும்மா எழுதிக்கலாம்" என்றால் அவரையே எழுதி வரச் சொல்லுங்கள்.

கேள்வி (கடையநல்லூர்): வாப்பா பெயரில் 1984 பென்ஸ் இருக்கிறது. அவர்கள் காலமாகிவிட்டார்கள். ஆர்.சி. முடிந்து கிடக்கிறது. வண்டியைச் சரிசெய்துவிட்டோம். 'விண்டேஜ்' நம்பர் வாங்கினால் செலவு குறையும் என்கிறார்களே?

பதில்: விண்டேஜ் நம்பர் உங்கள் வண்டிக்கு இப்போது கிடைக்காது. 2021-இல் வந்த மத்திய விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. புதிதாக 'விஏ' எழுத்துள்ள நம்பர் வாங்க 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. அப்படி வாங்கினாலும் கண்காட்சி, ஆராய்ச்சி, பழைய கார் பேரணி, அதற்கான டீசல், ரிப்பேர் இவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விட முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. முதலில் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ். அதை வைத்து படிவம் 31-இல் உங்கள் பெயருக்கு மாற்றம். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தையும் தயாராக வையுங்கள். பிறகு படிவம் 25-இல் பதிவு நீட்டிப்பு, ஐந்தாண்டுக்கு. இங்கேதான் பலர் கணக்கைத் தவறவிடுகிறார்கள்: 2025 ஆகஸ்ட்டில் வந்த கட்டணப்படி 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ரூபாய், இறக்குமதி கார் என்றால் 80,000. உங்களுடையது இறக்குமதி. வாங்க நினைப்பவர்களும் பேரம் பேசும்போது இந்தத் தொகையை மறக்காமல் கழித்துப் பேசுங்கள். வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28-இல் என்.ஓ.சி. வந்த பிறகுதான் முழுப் பணம்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): என் பழைய பெட்ரோல் கான்டெஸாவுக்கு இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஆகுமா?

பதில்: ஓடும், ஆனால் பழைய ரப்பர் தாங்காது. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் பழைய பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது. கலவை சற்று மெலிந்து வருவதால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டியிருக்கலாம். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், வெளுத்துப்போயிருந்தால் அதுதான் அடையாளம்.

கேள்வி (திசையன்விளை): பென்ஸில் ஏ.சி. கேஸ் ஏற்றினால் ஒரு மாதம்கூட நிற்பதில்லை.

பதில்: அது ஆர்-12 கேஸுக்காகச் செய்த ஏ.சி. இப்போது ஏற்றுவது ஆர்-134ஏ. குழாய் இணைப்புகளில் உள்ள பழைய ரப்பர் வளையங்களையும் (ஓ-ரிங்) பழைய ஆயிலையும் அப்படியே விட்டுவிட்டு கேஸை மட்டும் மாற்றினால் கசியத்தான் செய்யும். எல்லா ஓ-ரிங்கும் புதிது, ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையர் புதிது, பழைய ஆயிலைக் கழுவி எடுத்துவிட்டு எஸ்டர் ஆயில், குறைந்தது அரை மணி நேரம் வேக்குவம் போட்டு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது, இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள். கேஸ் அளவு பழைய ஆர்-12 அளவில் 80 முதல் 85 சதவீதம். முழுதாக ஏற்றினால் பிரஷர் கூடி, திசையன்விளை வெயிலில் கம்ப்ரசர் கத்தும்.

கேள்வி (மேலப்பாளையம்): நான் விற்கும் கட்சி. நியாயமாக ரீஸ்டோர் செய்த வண்டிக்கும் எல்லோரும் அடிமாட்டு விலைதான் கேட்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: பெயிண்டுக்கு முன் எடுத்த படம் இருக்கிறதா? தரையை வெட்டியபோது, புதுத் தகடு வைத்தபோது, பிரைமர் அடித்தபோது எடுத்த படங்களைத் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போடுங்கள். ஸ்பேர்ஸ் பில்களையும் அதிலேயே வையுங்கள். கழற்றிய பழைய சாமான்களை எடைக்குப் போட்டுவிடாமல் ஒரு பெட்டியில் வையுங்கள். பார்க்க வருபவரிடம் நீங்களே காந்தத்தைக் கொடுத்து, கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டுங்கள். முந்தைய நாளே எஞ்சினைக் கழுவி மினுக்காதீர்கள், ஆயில் கசிவை மறைத்ததாகத்தான் நினைப்பார்கள். அவர் வரும்போது எஞ்சின் குளிர்ந்தே இருக்கட்டும், முதல் ஸ்டார்ட்டை அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள்.