யூரோப்பா யுனிவர்சாலிஸ் விளையாட்டை வாங்கலாமா? நான்காம் பாகமா, ஐந்தாம் பாகமா?

தர்மபுரியில் இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிப்பதாகவும், 8 ஜிபி ரேம் உள்ள, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினி வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சேர்த்து வைத்த 1,500 ரூபாயில் யூரோப்பா யுனிவர்சாலிஸ் என்ற, ஓர் அரசை எடுத்து நடத்தும் கணினி விளையாட்டின் நான்காம் பாகத்தை அதன் டிஎல்சிகளோடு (தனியாக விலை கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதிகள்) வாங்குவதா, பொறுத்திருந்து ஐந்தாம் பாகத்தை வாங்குவதா, இரண்டையும் விட்டுவிடுவதா என்பது உங்கள் கேள்வி. நான் கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் கணக்குப் பார்ப்பவன். நான்காம் பாகத்தை ஆறு ஆண்டுகளாக விளையாடி வருகிறேன். நான்காம் பாகத்தின் அடிப்படை விளையாட்டை மட்டும், தள்ளுபடிக் காலத்தில், டிஎல்சி எதுவும் இல்லாமல் வாங்குங்கள் என்பதே என் பதில். அதற்கு முன் காசில்லாமல் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஐந்தாம் பாகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2025 நவம்பரில் வெளிவந்த அந்த விளையாட்டு 1337இல் தொடங்குகிறது. மதுரையில் சுல்தான்கள் ஆட்சி தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த, துங்கபத்திரைக் கரையில் விஜயநகரம் தலையெடுத்துக்கொண்டிருந்த, ஒய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர் திருவண்ணாமலையில் தங்கிப் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒய்சளர்களின் ஒரு கிளை நம் பக்கத்துக் குந்தாணியிலிருந்து ஆண்டதை நினைத்தால், நமக்கு அதைவிடச் சுவையான தொடக்கம் வேறில்லை. ஆனால் அந்த விளையாட்டு ஒவ்வோர் ஊரின் மக்களையும் சமயம், பண்பாடு, தொழில் வாரியாகக் கணக்கிட்டுக்கொண்டே ஓடுகிறது. நீங்கள் சொல்லும் மடிக்கணினி அந்தச் சுமையைத் தாங்காது. புதுக் கணினி வாங்கும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

நான்காம் பாகம் 2013இல் வந்தது. உங்கள் கணினியில் ஓடும், ஆனால் ஆட்டத்தின் பிற்பகுதியில் நாட்கள் மெதுவாக நகரும். 1444 நவம்பர் 11இல் தொடங்கி 1821இல் முடிகிற இந்த ஆட்டத்தில், உலகின் எந்த அரசை வேண்டுமானாலும் எடுத்து நடத்தலாம். போர்க்களத்தில் வீரர்களை நகர்த்தும் விளையாட்டு என்று எண்ணி வாங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஏமாந்துபோகிறார்கள். பெரும்பாலான நேரம் ஆட்டத்தை நிறுத்தி வைத்து, நிலப்படத்தைப் பார்த்து, கருவூலத்தில் எவ்வளவு இருக்கிறது, எந்த அண்டை நாடு யாரோடு உறவு வைத்திருக்கிறது, அடுத்த ஐந்தாண்டில் எந்தக் கடனை அடைக்க முடியும் என்று யோசிப்பதுதான் இதில் ஆட்டம். எனக்கு இது பிடித்ததற்கு நான் கணக்கு எழுதுகிறவன் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இது யாருக்கு ஏற்றது என்பதை என் முதல் ஆட்டத்தைக் கொண்டு விளக்குவது எளிது. நான் விஜயநகரத்தை எடுத்தேன். 1444இல் அரியணையில் இரண்டாம் தேவராயர் இருக்கிறார், வடக்கே பாமினி அரசு இருக்கிறது. படை வலிமை இருந்ததால் அடுத்தடுத்துப் போர் தொடுத்து, ஒவ்வோர் உடன்படிக்கையிலும் எவ்வளவு நிலம் கிடைக்குமோ அவ்வளவையும் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு மாகாணமும் சுற்றியுள்ள அரசுகளின் மனத்தில் அச்சமாகச் சேர்கிறது என்பதையும், அந்த அச்சம் ஓர் அளவைத் தாண்டினால் ஒன்றுக்கொன்று ஆகாத நாடுகள்கூட ஒரே கூட்டணியாகத் திரளும் என்பதையும் நான் அப்போது கவனிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளில் கட்டியதெல்லாம் ஒரே போரில் போயிற்று.

தோற்ற அன்று இரவு, இது விளையாட்டை உருவாக்கியவர்கள் வைத்த செயற்கையான தடையா, உண்மையிலேயே இப்படி நடந்ததா என்று பார்ப்பதற்காகப் புத்தகத்தை எடுத்தேன். 1565 ஜனவரியில் தலைக்கோட்டையில் நடந்தது ஏறக்குறைய இதுதான். பிஜப்பூர், அகமதுநகர், கோல்கொண்டா, பீதர் ஆகிய அரசுகள் தங்களுக்குள் ஓயாமல் போரிட்டுக்கொண்டிருந்தவை. ஒன்றை மற்றொன்றோடு மோதவிட்டே தன் செல்வாக்கை வளர்த்தார், விஜயநகர ஆட்சியைக் கையில் வைத்திருந்த ராமராயர். அவருடைய வலிமை எல்லை மீறிவிட்டது என்று அஞ்சியபோது நான்கும் ஒன்று சேர்ந்தன. அந்தப் போரிலேயே அவர் கொல்லப்பட்டார். அதன்பின் விஜயநகர அரசு பெனுகொண்டாவுக்கு நகர்ந்தது. பெனுகொண்டாவைக் காத்து நின்றதற்காகவே ஜெகதேவராயருக்குப் பாரமகால், அதாவது நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதி, வழங்கப்பட்டது என்று நம் மாவட்ட வரலாறு சொல்கிறது. பர்கூர் போகும் வழியில் பலமுறை கடந்து சென்ற ஜெகதேவி, எங்கோ கர்நாடகத்தில் நடந்த ஒரு போரின் விளைவாக அவருடைய தலைநகரானது என்பதை, இந்த விளையாட்டில் தோற்ற பிறகுதான் நான் சேர்த்துப் பார்த்தேன்.

தோற்றவுடன் சலித்துக் கணினியை மூடுகிறவருக்கு இந்த விளையாட்டு வேண்டாம். ஏன் தோற்றோம் என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது என்பவருக்கு இதைப் போல வேறொன்று கிடைக்காது. வரலாறு படிக்கிற நீங்கள் இரண்டாம் வகை என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் வரலாற்றை இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம் என்று எண்ணி வாங்காதீர்கள். இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது சுவீடனில், ஐரோப்பாவை நடுவில் வைத்துச் செய்யப்பட்ட விளையாட்டு. பெயரிலேயே அது இருக்கிறது. வணிகம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். உலக வணிகம் முழுவதும் பல மையங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மையத்திலிருந்தும் செல்வம் குறித்த திசையில் மட்டுமே ஓடும், அந்தத் திசையை எவராலும் மாற்ற முடியாது. எல்லா ஓட்டமும் கடைசியில் ஆங்கிலக் கால்வாய், ஜெனோவா, வெனிஸ் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் போய்ச் சேரும். சோழமண்டலக் கரை ஒரு மையமாக இருக்கிறது, ஆனால் அது வழியில் உள்ள மையம்தான். உண்மையில் அந்த நூற்றாண்டுகளில் ஐரோப்பியர்கள் வெள்ளியைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து கொட்டித்தான் நம் துணியையும் மிளகையும் வாங்கிப் போனார்கள். விளையாட்டில் நீங்கள் எத்தனை நெசவுக் கூடங்களைக் கட்டினாலும் லண்டனின் வெள்ளியைச் சோழமண்டலத்துக்கு இழுக்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டு விளையாடுகிறவர், வரலாற்றை ஒரு மாதிரியாகச் சுருக்கும்போது எவையெல்லாம் விடுபட்டுப்போகின்றன என்பதைக் காண்பார்.

நம் ஊரையே எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் தன் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்புக்கொண்டபோது, பாரமகால் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. விளையாட்டில் அது உடன்படிக்கைத் திரையில் ஒரு மாகாணத்தைச் சொடுக்குவதோடு முடிந்துவிடும். அதன் பிறகு நிர்வாகப் புள்ளிகளைச் செலவழித்துச் சில ஆண்டுகள் காத்திருந்தால், நிலம் உங்களுடையது. உண்மையில் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் 1792 முதல் 1799 வரை ஊர் ஊராகச் சென்று, நிலத்தை அளந்து, வரியை விதித்து, உழவரோடு நேரடியாகக் கணக்கு வைக்கும் முறைக்கு இங்கேதான் அடித்தளம் இட்டார்கள். அந்த ஏழாண்டு உழைப்பும், அளக்கப்பட்ட உழவர் பட்ட பாடும் திரையில் ஓர் எண். ஒரு மாகாணத்தில் ஒரு கோட்டையைத்தான் கட்ட முடியும் என்பதால், கிருஷ்ணகிரி மலையும் இராயக்கோட்டையும் ஜெகதேவியும் தனித்தனியாக நின்று போரைத் தாங்கிய கதைக்கும் அதில் இடமில்லை. வகுப்பில் படிப்பதை இந்த எண்களோடு வைத்துப் பாருங்கள், இரண்டும் தெளிவாகும்.

இனிப் பணத்தைப் பற்றி. இதை வெளியிடும் நிறுவனத்தின் விளையாட்டுகளுக்கு ஆண்டுக்கணக்கில் டிஎல்சிகள் வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் அடிப்படை விளையாட்டின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். நான் ஒரு தள்ளுபடியில், ஒரு மணி நேரம்கூட விளையாடாத நிலையில், ஐந்தாறு டிஎல்சிகளைச் சேர்த்து வாங்கினேன். அவற்றில் பாதி நான் ஒருபோதும் எடுக்காத நாடுகளைப் பற்றியவை. பொத்தான்கள் கூடக் கூட, கற்றுக்கொள்வதும் கடினமாயிற்று. அடிப்படை விளையாட்டில் ஒரு முழு ஆட்டமாவது ஆடிய பிறகு, ‘இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் வேண்டும்’ என்று தோன்றும்போதுதான் டிஎல்சி பக்கம் போக வேண்டும். இந்திய அரசுகளை விரும்பினால் 2018இல் வந்த தர்மா என்ற டிஎல்சி போதும். எல்லா டிஎல்சிகளையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அடங்காவிட்டால் மாதச் சந்தாவும் இருக்கிறது. பருவத் தேர்வு முடிந்த விடுமுறையில் ஒரே ஒரு மாதத்துக்குச் செலுத்தி, மறக்காமல் நிறுத்திவிடுங்கள்.

விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ரூபாயிலேயே விலை இருக்கிறது, யுபிஐ மூலம் செலுத்தலாம். ஜூன் இறுதியிலும் டிசம்பர் இறுதியிலும் வரும் பெரிய தள்ளுபடிகளில் அடிப்படை விளையாட்டின் விலை முக்கால் பங்கு வரை குறைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். (ஜூன் எங்களுக்கு மாம்பழப் பருவம். அந்த மாதத்தில் வாங்கியதை ஆகஸ்டு வரை என்னால் திறக்க முடிந்ததில்லை.) வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று ஒரு விதி உண்டு. இந்த விளையாட்டுக்கு அதை நம்பாதீர்கள். ஆட்டத்தை நிறுத்தி வைத்து யோசிக்கும் நேரமும் அந்தக் கணக்கில் சேரும். திரையில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கே இரண்டு மணி நேரம் போய்விடும்.

மொழியையும் சொல்ல வேண்டும். விளையாட்டு தமிழில் இல்லை. திரையில் வரும் ஒவ்வொரு நிகழ்வும் ஒரு பத்தி ஆங்கிலம், ஒவ்வொரு பொத்தானின் மேலும் ஒரு பத்தி விளக்கம். முதல் மாதம் நானும் அகராதியை அருகில் வைத்துக்கொண்டுதான் விளையாடினேன். அது உங்களைத் தடுக்கக் கூடாது, ஆனால் அதற்கான பொறுமை இருக்கிறதா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன சோதனை இதுதான். அதே நிறுவனத்தின் குரூசேடர் கிங்ஸ் இரண்டாம் பாகத்தின் அடிப்படை விளையாட்டு 2019 முதல் ஸ்டீமில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் நாட்டைவிட அரச குடும்பமே முதன்மை என்பதால் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் நிறுத்தி யோசிப்பதும், உரிமை கோராமல் எளிதில் போர் தொடுக்க முடியாததும், ஆங்கிலப் பத்திகளும், காத்திருப்பும் எல்லாம் இதே வகைதான். காசு கொடுக்காமல் இந்திய மன்னர்களை அதில் எடுக்க முடியாது. எனவே 1066இல் அயர்லாந்தில் ஒரு சிற்றரசனை எடுத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் பழகுவதற்கு ஏற்ற தீவு என்று விளையாடுகிறவர்கள் எல்லோரும் சொல்வது அதைத்தான். ஒரு மன்னன் இறந்து அவன் மகன் அரியணை ஏறும் வரை விடாமல் நடத்துங்கள், நான்கைந்து மாலைகள் ஆகும். மகன் பட்டத்துக்கு வந்த அன்று, தம்பிக்குப் பிரிந்துபோன நிலத்தை எப்படித் திரும்பச் சேர்ப்பது என்று நீங்கள் பேருந்தில் போகும்போதும் யோசித்துக்கொண்டிருந்தால், டிசம்பர் தள்ளுபடியில் நான்காம் பாகத்தை வாங்கி விஜயநகரத்தை எடுங்கள். முதல் போரில் பாமினியிடமிருந்து இரண்டு மாகாணங்களுக்கு மேல் கேட்காதீர்கள்.