புது செயின் மாட்டியும் நழுவுகிறதா? ஃப்ரீவீலைப் பாருங்கள்

நண்பரே, சைக்கிளுக்குப் புது செயின் போட்ட பிறகும் காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறும்போது 'கடக்'கென்று நழுவுகிறது, கடைக்காரர் செயின் மட்டமான சரக்கு என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு செயின் மேல் சந்தேகம் இல்லை. பழைய செயின் நீண்டுபோய், ஃப்ரீவீலின் (பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரத் தொகுதி) பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்திருக்கும். புது செயின் அதில் சரியாக உட்காராது. சமதரையில் தெரியாது, மேட்டில் அழுத்தி மிதித்தால் தாவும். நீங்கள் வழக்கமாக ஓட்டும் ஒன்றிரண்டு கியரில் மட்டும் தாவுகிறதா? அப்படியென்றால் இதேதான்.

பழைய செயினைத் தூக்கிப் போடவில்லையே? இழுத்துப் பிடித்து ஸ்கேல் வையுங்கள். செயின் கண்ணிகளை இணைக்கும் ஆணிதான் ரிவெட். ஒரு ரிவெட்டின் நடுவிலிருந்து எண்ணி 24வது ரிவெட், புதிதில் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) தள்ளியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். ஒரு நூல் தள்ளிவிட்டால் பெரும்பாலும் ஃப்ரீவீலும் போயிருக்கும்.

பெடல் பக்கத்துப் பல்சக்கரம் அதைவிட அதிக நாள் உழைக்கும். பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்வார்கள். மணல் லாரி போகிற ரோட்டில் அதெல்லாம் பேச்சுக்குத்தான். அப்புறம், வேஸ்ட் ஆயில் ஊற்றாதீர்கள், புழுதி அப்பிக்கொள்ளும்.

ஃப்ரீவீல் மிதிக்க மிதிக்க இறுகும். சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், அதற்கான கழற்றி இருக்கிற கடைக்குப் போங்கள். பழையதைக் கையோடு காட்டிப் பல் எண்ணிக்கை பார்த்து வாங்குங்கள்.