காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு அறுவைச் சிகிச்சை செய்தால் வாய் கோணிவிடுமா?

சகோதரி, பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகளுக்கு இடக் காதில் அவ்வப்போது சீழ் வடிகிறது என்றும், செவிப்பறையில் ஓட்டை இருப்பதால் அதை அடைக்க அறுவைச் சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றும், காதில் கத்தி வைத்தால் வாய் கோணிவிடும் என்று மாமியாரும் நாத்தனாரும் தடுக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வாய் கோணிவிடும் என்ற அதே வார்த்தையை என் பெரியம்மா நடு வீட்டில் நின்று என்னிடம் சொன்னவர் என்பதால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவன். மருத்துவம் படிக்காதவன் இதற்கெல்லாம் பதில் சொல்லலாமா என்று கேட்கவிருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: காதில் சீழோடு பள்ளிக்கூடம் போய், வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டவனுக்கு அதைப் பற்றிப் பேசக் கொஞ்சம் உரிமை உண்டு.

எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். கிணற்றிலும் கண்மாயிலும் குதித்ததால்தான் எனக்குக் காது கெட்டது என்று வீட்டில் நம்பினார்கள். உண்மையில் வெளியிலிருந்து போகும் தண்ணீர் நல்ல செவிப்பறையை ஓட்டையாக்குவதில்லை. மூக்கின் பின்புறத்திலிருந்து, செவிப்பறைக்கு உட்புறம் இருக்கும் நடுச்செவிக்கு ஒரு குழாய் போகிறது. சிறு பிள்ளைகளுக்கு அது குட்டையாகவும் படுக்கை வாட்டமாகவும் இருப்பதால், சளி பிடிக்கும்போது கிருமி அதன் வழியாக எளிதில் நடுச்செவிக்கு ஏறிவிடுகிறது. அங்கே சீழ் கட்டி, அழுத்தம் தாங்காமல் செவிப்பறை கிழிந்து வெளியே வடிகிறது. பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கிழிசல் தானாகவே ஆறிவிடும். சிலருக்கு ஆறாமல் நிலைத்துவிடுகிறது. அப்படி நிலைத்த பிறகுதான் கிணற்றுத் தண்ணீரும் குளியல் தண்ணீரும் வில்லனாகின்றன. உங்கள் மகளுக்கு ஒவ்வொரு சளிக்குப் பிறகும், தலைக்குக் குளித்த பிறகும் சீழ் வருகிறதா என்று கவனித்துப் பாருங்கள்.

வீட்டு வைத்தியம் எல்லாம் எனக்கு ஆயிற்று. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை விட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காளிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். அரித்தால் கோழி இறகால் குடைந்துவிட்டார்கள். பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்கிறான் என்று சண்டைக்கு வர வேண்டாம், சுக்குக் காப்பியை இன்றும் நான் விடுவதில்லை. ஆனால் ஓட்டையுள்ள காதில் விடும் எண்ணெய் வெளிக் காதோடு நிற்காமல் நேராக நடுச்செவிக்குள் இறங்குகிறது என்பதை எந்தப் பாட்டியாலும் கண்ணால் பார்த்திருக்க முடியாது.

பாட்டிகளை விட எனக்குக் கோபம் மருந்துக் கடைக்காரர்கள் மீதுதான். காது அடைக்கிறது என்று சொன்னதும், குறும்பியைக் கரைக்கும் சொட்டு மருந்தை ஒருவர் எடுத்துக் கொடுத்தார். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை விட்ட சற்று நேரத்தில் எரிச்சலும் தலைச்சுற்றலும் வந்து, கடைத் திண்ணையில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சொட்டு மருந்துகளிலும் வகை இருக்கிறது. ஓட்டையுள்ள காதுக்குச் சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்றவற்றை மருத்துவர்கள் எழுதுகிறார்கள். ஜென்டாமைசின் வகை மருந்துகள் உட்செவிக்குள் போனால் கேட்கும் திறனையே பாதிக்கக்கூடும் என்பதால் அவற்றில் எச்சரிக்கை தேவை. ஆகவே மருத்துவர் காதைப் பார்த்து எழுதிக் கொடுக்காத எதையும் மகள் காதில் விடாதீர்கள்.

என் சிக்கல் வேலையில் முற்றியது. விடிவதற்கு முன்பே சந்தையில் மல்லிகைக்கும் பிச்சிக்கும் விலை கூவத் தொடங்கிவிடுவார்கள். இடப் பக்கம் நிற்கிறவர் சொல்லும் எடையும் விலையும் எனக்குப் பாதிதான் விழும். கூப்பிட்டும் திரும்பாததால் தலைக்கனம் பிடித்தவன் என்று சில விவசாயிகளும், டமாரம் என்று சுமை தூக்குகிறவர்களும் பெயர் வைத்தார்கள். தை மாதத்தில், பூ விலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில், விலையைத் தப்பாகக் கேட்டுக்கொண்டு எழுதினால் என்ன ஆகும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன். முதலாளி சத்தம் போடவில்லை. காதைப் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போனேன். காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் வரிசை நீளம்தான், அதை மறைக்கவில்லை. அங்கே ஒரு இளம் மருத்துவர், தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் இரும்புக் கவையான இசைக்கவை ஒன்றைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்து, எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது என்று கேட்டார். சரியாகக் கேட்காத இடக் காதில்தான் பலமாகக் கேட்டது! என்னை ஏமாற்றுகிறாரோ என்றுகூட நினைத்தேன். அவர் சிரித்துவிட்டு, நரம்பு கெட்டிருந்தால் ஒலி நல்ல காதுக்குப் போயிருக்கும் என்றும், கெட்ட காதுக்கு வருவதால் நரம்பு நன்றாக இருக்கிறது, ஒலி போகும் வழியில்தான் தடை என்றும் விளக்கினார். பிறகு சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி எடுத்த சோதனையும் அதையே உறுதி செய்தது. காதில் விழுவதற்கு எவ்வளவு சத்தம் தேவைப்படுகிறது என்பதைத்தான் அதில் அளக்கிறார்கள்; 25 டெசிபல் வரை இருந்தால் குறை இல்லை என்பார்கள். எனக்கு இடக் காதில் 45 இருந்தது.

காதுக்குப் போனவனுக்கு மூக்கை ஏன் பார்க்கிறார்கள் என்று தோன்றலாம். முன்னே சொன்ன குழாய்தான் காரணம். எனக்குப் பூத்தூசியால் ஓயாத தும்மல் இருந்ததால், மூக்கில் அடிக்கும் ஸ்பிரே கொடுத்து அதைக் கட்டுப்படுத்தி, காதைச் சில வாரங்கள் ஈரமில்லாமல் வைத்திருக்கச் செய்த பிறகே அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். குளிக்கும்போது பஞ்சில் வாஸ்லின் தடவிக் காதில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இதை இன்றே உங்கள் மகளுக்கும் செய்யலாம்.

இப்போது வாய் கோணும் விஷயத்துக்கு வருகிறேன். முக நரம்பு நடுச்செவியை ஒட்டி, மெல்லிய எலும்புக் குழாய்க்குள் ஓடுகிறது என்பது உண்மை. உங்கள் மாமியாரின் அச்சம் முழுவதும் வெற்றுக் கற்பனை அல்ல. ஆனால் காதுச் சீழில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஓட்டை செவிப்பறையின் நடுவே இருக்கும். சளி போன்ற சீழ் நிறைய வரும், அவ்வளவாக நாற்றம் இருக்காது. இரண்டாவதில் சீழ் கொஞ்சமாக வந்தாலும் துர்நாற்றம் தாங்காது. செவிப்பறையின் மேற்பகுதியிலோ ஓரத்திலோ தோல் உள்ளே மடிந்து வளர்ந்து, கறையான் போல எலும்பை அரித்துக்கொண்டே போகும். கொலஸ்டியோட்டோமா என்று இதற்குப் பெயர். கவனிக்காமல் விட்டால் அது அந்த எலும்புக் குழாயையும் அரித்து முக நரம்பைத் தாக்கும். மூளைவரைகூடக் கிருமி போகலாம். அதாவது, வாய் கோணுவதற்கு நோயை அப்படியே விட்டுவைப்பதுதான் பெரிய காரணம், அதைத் தடுக்கத்தான் கத்தி எடுக்கிறார்கள். ஆகவே மருத்துவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, என் மகளுக்கு இருப்பது எந்த வகை என்பதுதான். இரண்டாம் வகை என்றால் காதின் பின்னெலும்பைக் குடைந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அதில் நரம்புக்கான அபாயம் குறைவுதான் என்றாலும் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வெறும் ஓட்டையை அடைப்பதில் அது மிக மிக அரிது.

எனக்கு முதல் வகைதான். பெரியவன் என்பதால் காதைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். பிள்ளைகளுக்குப் பொதுவாக முழு மயக்கம் கொடுப்பார்கள். காதுக்குப் பின்னால் கீறி, காதுக்கு மேலேயுள்ள தசையை மூடியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்து ஒரு துண்டை எடுத்து, கிழிந்த செவிப்பறைக்கு உட்புறமாக ஒட்டுப் போட்டார்கள். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே மருத்துவர், சிரிக்கச் சொல்லி என் வாயைப் பார்த்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைப் பெரியம்மா பார்த்திருக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

தலையைச் சுற்றிய பெரிய கட்டு, ஒரு வாரம் போல் கழித்துத் தையல் பிரிப்பு. அதன் பிறகு மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். பாரம் தூக்கக் கூடாது. காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. காதுக்குள் வைத்த பஞ்சு போன்ற பொருள் கரையும்வரை முன்னைவிட மந்தமாகத்தான் கேட்கும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: சுவை நரம்பு ஒன்று நடுச்செவியின் குறுக்கே போகிறது. சிகிச்சையில் அது இழுபட்டதால் நாக்கின் இடப் பாதியில் காப்பி கொஞ்சகாலம் இரும்பை நக்கியது போல் இருந்தது. பிறகு தானாகச் சரியாகிவிட்டது. ஒட்டு எல்லோருக்கும் ஒட்டிவிடும் என்றும் சொல்ல முடியாது; சிலருக்கு மறுபடி செய்ய வேண்டியிருக்கும். எனக்கு ஒட்டியது. மூன்று மாதம் கழித்து எடுத்த சோதனையில் 45 என்பது 20க்கு இறங்கியிருந்தது.

தழும்பு தெரிந்தால் நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பேச்சும் உங்கள் வீட்டில் வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் மைத்துனி மகளுக்கு இதே சிக்கல் என்றபோது வந்தது. தழும்பு காது மடலுக்குப் பின்னால், முடி ஓரத்தில் இருக்கிறது. சீழ் நாற்றத்துக்கு அஞ்சிப் பெண்பிள்ளை வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்காருவதைப் பொறுத்துக்கொள்ளும் உறவினர்களுக்கு, மடலுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கோடு மட்டும் பெரிதாகத் தெரிவது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தேர்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் வகையாக இருந்து, காது காய்ந்தும் இருந்தால், பொதுத் தேர்வு முடிந்து கோடை விடுமுறையில் செய்துகொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒத்துக்கொள்ளவே வாய்ப்பு அதிகம். அதுவரை வகுப்பில் அவளுடைய நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்குமாறு இடம் மாற்றித் தரச் சொல்லிப் பள்ளியில் பேசுங்கள். ஆனால் துர்நாற்றம், தலைச்சுற்றல், விடாத தலைவலி, காதுக்குப் பின்னால் வீக்கம், முகத்தில் ஒரு பக்கம் இழுப்பது போன்ற உணர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தேர்வு அட்டவணையைப் பார்க்க வேண்டாம், அன்றே அழைத்துப் போய்விடுங்கள். செலவுதான் தயக்கம் என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போய், இந்தச் சிகிச்சைக்கு அது செல்லுமா என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.