தண்ணீரில் கம்பி விட்டுக் காட்டினால் நம்பலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். வடிகட்டி விற்க வந்தவர் பேனா போன்ற ஒரு கருவியைத் தோய்த்து, டி.டி.எஸ். 430 என்றார். பிறகு இரண்டு டம்ளர்களில் கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுத்தார். எங்கள் தண்ணீர் செம்பழுப்பாகி நுரைத்தது. அவர் கொண்டுவந்தது அப்படியே இருந்தது. இவ்வளவு அழுக்கையா குடித்தோம்? வீட்டில் மூன்று மாதக் குழந்தை இருக்கிறது, புட்டிப்பால்தான். செப்டிக் டேங்க் போரிலிருந்து பத்து மீட்டரில் இருக்கிறது. உப்பை நீக்கும் ஆர்.ஓ. வடிகட்டி வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். அந்தச் செம்பழுப்பு உங்கள் தண்ணீரிலிருந்து வந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாகி மிதக்கிறது. தாது உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் அதிகம் பாயாது. அவர் கொண்டுவந்த டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். பெரும்பாலும் அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

430 என்பதும் பயப்பட வேண்டிய எண் அல்ல. டி.டி.எஸ். என்பது கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, அவ்வளவுதான். லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை சுவை நன்றாகவே இருக்கும். 1000-ஐத் தாண்டினால்தான் குடிக்கப் பிடிக்காமல் போகும். உலக சுகாதார நிறுவனம் உடல்நலக் காரணம் சொல்லி இதற்கு வரம்பே வைக்கவில்லை. அந்தப் பேனாவுக்குக் கிருமியும் தெரியாது, ஆர்செனிக்கும் தெரியாது. ஆனாலும் அதை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பயமுறுத்தும் வியாபாரத்தைத் தட்டிக் கேட்க ஆளில்லை.

உங்கள் கவலை செப்டிக் டேங்க் பக்கம் திரும்ப வேண்டும். பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச இடைவெளியே 15 மீட்டர். எனவே ஆய்வகத்தில் இரண்டை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: ஈ.கோலை (மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமி), நைட்ரேட் (கழிவிலிருந்து நிலத்தடி நீரில் கலக்கக்கூடிய உப்பு). கேட்காவிட்டால் கடினத்தன்மை, குளோரைடு என்று இருபது வரி அச்சடித்துக் கொடுத்துவிட்டு, கிருமிப் பரிசோதனையை விட்டுவிடுவார்கள். ‘இலவசப் பரிசோதனை’ செய்து தருகிறேன் என்று வடிகட்டி விற்பவர் சொன்னால் மாதிரியை அவரிடம் கொடுக்காதீர்கள்.

மாதிரியை நீங்களே எடுங்கள். கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்குங்கள். உள்ளே மருந்துப் பொடி இருந்தால் கழுவிவிடக் கூடாது. குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல், மேலே கொஞ்சம் இடம் விட்டு நிரப்புங்கள். பனிக்கட்டிக்கு நடுவே வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கொண்டு சேருங்கள். போரிலிருந்து ஒன்று, மேல்நிலைத் தொட்டிக் குழாயிலிருந்து ஒன்று என்று இரண்டு எடுப்பது நல்லது. குற்றம் தொட்டியிலேயே இருக்கலாம்.

100 மில்லியில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது. இருந்தால், முடிவு சரியாகும்வரை குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிடுங்கள். தொட்டிக்கு 1000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். திறந்து கிடந்த பழைய பொட்டலம் வீரியம் இழந்திருக்கும்.

இதில் ஒரு விதிவிலக்கு. குழந்தை இருப்பதால் அதை அழுத்திச் சொல்கிறேன். நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால், அந்தத் தண்ணீரில் ஒருபோதும் பால்பவுடர் கலக்காதீர்கள். கொதிக்கவைத்தாலும் கூடாது. கொதித்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்றுவதால் அதன் செறிவு இன்னும் கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் உடலில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். உதடும் நகமும் நீலம் பாய்ந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அறிக்கையில் ‘நைட்ரேட்-நைட்ரஜன்’ என்றிருந்தால் அந்த எண்ணை 4.4-ஆல் பெருக்குங்கள், 12 என்று பார்த்து நிம்மதியடைந்துவிடாதீர்கள், அது 50-ஐத் தாண்டிவிட்டது. முடிவு கைக்கு வரும்வரை குழந்தைக்கு நைட்ரேட் குறைவு என்று உறுதியான வேறு தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

நைட்ரேட் அதிகம் என்று வந்தால் ஆர்.ஓ. வாங்குவதில் அர்த்தம் உண்டு. கரித்தூள் வடிகட்டியோ புற ஊதா விளக்கோ அதை நீக்காது. பொருத்தியபின் வெளிவரும் தண்ணீரில் நைட்ரேட்டைச் சோதித்துப் பார்த்துவிட்டே குழந்தைக்குக் கொடுங்கள். பெருமழைக்குப் பின் போர் தண்ணீரில் ஈ.கோலையை மறுபடி பாருங்கள். குளோரின் வாடை இருக்கும்போது மாதிரி எடுத்தால் சுத்தம் என்றுதான் வரும்.