பழைய கணினிக்கு எந்தக் கீபோர்ட் பொருந்தும்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அச்சகத்தில் விண்டோஸ் 98 கணினி ஒன்றில்தான் பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும் இருக்கின்றன. கீபோர்ட் பழுதாகிவிட்டது. பின்பக்கம் ஊதா, பச்சை நிறத்தில் வட்டச் சொக்கட்டுகள் உள்ளன. கடையில் யூஎஸ்பி கீபோர்ட்டும், அதன் முனையில் மாட்டும் சிறிய ஊதா நிறத் துண்டும் தந்தார்கள். மாட்டினால் எதுவும் நடக்கவில்லை. துண்டுதான் பழுதா?
அச்சக வாசகர், மத்திய வீதி, திருகோணமலை

பதில்: துண்டில் பழுது இருக்க வாய்ப்புக் குறைவு. அதற்குள் வெறும் கம்பிகள்தான்; ஒரு மொழியை இன்னொன்றாக மாற்றும் சிப் எதுவும் இல்லை. யூஎஸ்பி, பிஎஸ்/2 (உங்கள் கணினியில் உள்ள வட்டச் சொக்கட் வகை) இரண்டும் தெரிந்த கீபோர்டோடு மாத்திரமே அது வேலை செய்யும். முன்பு அப்படியான கீபோர்ட்டுகள் நிறைய வந்தன; அந்தத் துண்டும் பெட்டிக்குள்ளேயே இருக்கும். இப்போது வரும் மலிவான கீபோர்ட்டுகள் பலவற்றுக்கு யூஎஸ்பி மாத்திரமே தெரியும்.

சிப் உள்ள மாற்றி வாங்கப் போகிறீர்கள் என்றால் கவனம். ஒரு யூஎஸ்பி முனையும் இரண்டு வட்டச் சொக்கட்டும் உள்ள வயர் எங்கும் கிடைக்கும். அது பழைய கீபோர்ட்டைப் புதிய கணினியில் மாட்டுவதற்கு. உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு, அது அரிது. ஆகவே பிஎஸ்/2 கீபோர்ட் ஒன்றையே தேடுங்கள். பழுதுபார்க்கும் கடைகளில் பாவித்தவை கிடைக்கும். கொழும்பில் யூனிட்டி பிளாசாவுக்கு ஆள் போனால், "ஊதா நிற வட்ட முனை, ஆறு ஊசி" என்று சொல்லி விடுங்கள்.

கணினியில் யூஎஸ்பி சொக்கட் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. பயோஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளில்) 'யூஎஸ்பி கீபோர்ட் சப்போர்ட்' என்பதை இயக்க வேண்டும். அதற்குள் நுழைய, கணினி தொடங்கும்போதே டிலீட் விசையை அழுத்த வேண்டும்; அதற்கு ஏற்கெனவே வேலை செய்யும் கீபோர்ட் வேண்டும்! ஒரு பிஎஸ்/2 கீபோர்ட்டை ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். விண்டோஸ் 98 புதிய சாதனத்தைக் கண்டதும் மூல சீடியையும் கேட்கலாம். அந்த வேலை முடியும்வரை இரவல் கீபோர்ட்டைக் கழற்ற வேண்டாம்.

பிஎஸ்/2 முனையைக் கணினி ஓடும்போது மாட்டவோ கழற்றவோ கூடாது. சொக்கட்டில் 5 வோல்ட் வருகிறது. ஊசிகள் தவறாக உரசினால் மதர்போர்ட்டில் சொக்கட்டுக்கு அருகே உள்ள சிறு ஃபியூஸ் போய்விடும். நல்ல கீபோர்ட்டை மாட்டி கணினியை இயக்கினால் மூன்று விளக்குகளும் ஒருமுறை மின்னும். மின்னவே இல்லையென்றால், மின்சாரத்தை முற்றாகத் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரால் அந்த ஃபியூஸைச் சோதியுங்கள்.

நம் ஊர்க் கடற்காற்றில் ஊசிகளில் பச்சைக் களிம்பு படியும். ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் தோய்த்த பழைய பல்தூரிகையால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். முனையைத் திருகி அமுக்கினால் ஊசி வளையும். வளைந்ததை மெல்லிய இடுக்கியால் ஒரே தடவையில் நிமிர்த்துங்கள்; முன்னும் பின்னும் ஆட்டினால் முறிந்துவிடும்.

வேலை செய்யத் தொடங்கியதும் பாமினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி விசைகளை வரிசையாகத் தட்டிப் பாருங்கள். 'தமிழ்' என்று வரவேண்டும். எழுத்துகளின் இடம் எழுத்துருவில்தான் இருக்கிறது, கீபோர்ட்டில் இல்லை. தமிழ் அச்சிட்ட கீபோர்ட் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: இன்னும் பழைய கணினி ஒன்றில் கீபோர்ட் சொக்கட் பெரிதாக, ஐந்து துளையுடன் இருக்கிறது. மவுஸுக்கு ஒன்பது ஊசி. புதியவற்றை மாட்டலாமா?
வாசகி, உப்புவெளி

பதில்: கீபோர்ட்டுக்கு மாட்டலாம். பழைய ஐபிஎம் ஏடி வகைக் கணினி என்றால் பிஎஸ்/2 கீபோர்ட்டும் அதே மொழிதான் பேசும். முனையை மாற்றித் தரும், உள்ளே வெறும் கம்பி மாத்திரம் உள்ள துண்டே போதும். அதற்கும் முந்திய எக்ஸ்டி வகைக்கு இது செல்லாது. மவுஸ் கதை வேறு. ஒன்பது ஊசி சீரியல் வகை. பிஎஸ்/2 மவுஸைத் துண்டு வைத்து மாட்டினால், சீரியல், பிஎஸ்/2 இரண்டும் தெரிந்த மவுஸ் மாத்திரமே வேலை செய்யும். சீரியல் மவுஸே வாங்குவது நல்லது.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு சன் அல்ட்ரா 10 (சன் நிறுவனத்தின் பழைய கணினி) ஒன்று கிடைத்தது, கீபோர்ட் இல்லாமல். பிஎஸ்/2 முனை உள்ளே போகவில்லை.
மாணவர், கிண்ணியா

பதில்: போகக்கூடாது, அமுக்கவும் வேண்டாம். அது எட்டு ஊசி உள்ள சன் சொக்கட். சன் நிறுவனத்தின் டைப் 5 கீபோர்ட் தேடுங்கள். டைப் 6 எட்டு ஊசியிலும் யூஎஸ்பியிலும் வந்தது; முனையைப் பார்த்து வாங்குங்கள். மவுஸும் சன் வகையாக இருக்க வேண்டும். அது கணினியில் அல்ல, கீபோர்ட்டில் மாட்டப்படும்.

கிடைக்கும்வரை கீபோர்ட் இல்லாமலே தொடங்கலாம். அப்போது அது பின்னால் உள்ள 25 ஊசி சீரியல் சொக்கட் ஏ வழியாகப் பேசும். 'நல் மோடம்' (null modem) எனும், இரு கணினிகளை நேரடியாக இணைக்கும் சீரியல் வயரால் இன்னொரு கணினியோடு இணைத்து, டெர்மினல் மென்பொருளில் 9600 வேகம், 8 பிட், பரிட்டி இல்லை, 1 ஸ்டொப் பிட் என்று அமையுங்கள்.

கீபோர்ட் வந்த பிறகு, ஓடும்போது அதைக் கழற்றினால் இயந்திரம் நின்று 'ஓகே' என்று காட்டலாம். பழுது என்று மின்சாரத்தை அணைத்துவிடாதீர்கள். கீபோர்ட்டை மீண்டும் மாட்டி, ஜி, ஓ என்று தட்டி என்டர் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.