ரீச்சரைக் கேளுங்கள்: சீப்பைத் தலைகீழாகப் பிடிக்கிற பிள்ளை

கேள்வி: என் மகளுக்கு 13 மாதம். ரவுணில் வாங்கின விளையாட்டுச் சாமான்களைத் திரும்பியும் பார்க்கிறாள் இல்லை. குசினிக்குள் தவழ்ந்து வந்து அகப்பை, பேணி, சட்டி மூடி என்று இழுத்துப் போடுகிறாள். சீப்பைத் தலையில் வைக்கிறாள், ஆனால் பல்லு மேலே பார்க்கிறது. ரிமோட்டைக் காதில் வைத்து "ஆ... ஆ..." என்று கதைக்கிறாள். மாமி "சரியான குழப்படி, கையில் ஒன்றும் கொடாதே" என்கிறா. சீப்பைப் பார்த்த பிறகு எனக்கும் யோசனையாக இருக்கிறது. பிள்ளைக்கு விளக்கம் குறைவோ?
– ஒரு தாய், முள்ளியவளை

பதில்: விளக்கம் நிறையவே இருக்கிறது பிள்ளை. சீப்பு தலைக்கு உரியது என்று ஒருவரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாளே. பல்லு எந்தப் பக்கம் என்பது அடுத்த பாடம். ரிமோட்டும் அப்படித்தான். நீளமாக இருக்கிறது, பொத்தான் இருக்கிறது, பெரியாக்கள் கையை விட்டு இறக்குவதில்லை. அவளுடைய கணக்கில் அது போன்தான். கரண்ட் போன நேரம் நானே ரிமோட்டை எடுத்து "ஹலோ" சொல்லியிருக்கிறேன்.

ஆறேழு மாதத்தில் பிள்ளைக்கு எந்தச் சாமானும் ஒன்றுதான்: வாயில் வைக்கலாம், தட்டலாம், எறியலாம். ஒரு வயதை ஒட்டித்தான் பேணிக்கும் சீப்புக்கும் வேறு வேறு வேலை உண்டென்று பிடிபடும். ஒருநாள் வெறும் பேணியை வாயில் கவிழ்த்து, குடித்து முடித்தவள் மாதிரி "ஆ" என்று விடுவாள். உள்ளே ஒன்றுமில்லை என்று அவளுக்கும் தெரியும்.

சந்தேகமென்றால் கரண்டியை வைத்துப் பாருங்கள். 1999இல் மக்கார்ட்டி என்ற அமெரிக்க ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் செய்த வேலை இது. கரண்டியில் சாப்பாட்டை வைத்து, பிடியை ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் திருப்பிப் பிள்ளையின் முன்னால் நீட்டினார்கள். ஒன்பது மாதப் பிள்ளைகள் பிடி எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பழகின கையாலேயே எட்டிப் பிடித்தார்கள். சில வேளை பிடிதான் வாய்க்குள் போனது. பதினான்கு மாதத்தவர்கள் பிழையாகப் பிடித்தாலும் வாய்க்குப் போகிற வழியில் திருத்தினார்கள். பத்தொன்பது மாதத்தவர்கள் தொடுவதற்கு முன்பே எந்தக் கை என்று முடிவெடுத்துவிட்டார்கள். என் பேத்தியிடம் பருப்பும் சோறும் குழைத்து இதைச் செய்தேன். அவளுக்குப் பதினான்கு மாதம். கரண்டியின் குழிக்குள்ளேயே கையை விட்டாள், நின்றாள், மற்றக் கைக்கு மாற்றினாள். பருப்பு முழுக்க என் சீலையில்.

சீலை கிடக்கட்டும், சுளகுக் கதையைச் சொல்ல வேண்டும். நான் முற்றத்தில் அரிசி புடைக்கும்போது அவள் முன்னால் குந்தியிருப்பாள். போன கிழமை சுளகைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனேன். திரும்பி வர, அவள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு ஆடுகிறாள். சுளகு அசையவில்லை, ஆள்தான் முன்னும் பின்னும் ஆடுகிறாள். பிறகு குனிந்து "பூ" என்று ஊதினாள், இல்லாத உமியை. இவ்வளவும் நான் செய்வதுதான், சரி. கடைசியில் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, முனகிக்கொண்டு எழும்பினாள். அது என்னுடைய நாரிப்பிடிப்பு! அதுவும் புடைக்கிற வேலையில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டாள் போல.

2002இல் ஹங்கேரியில் கெர்கெலி என்பவரும் மற்றவர்களும் பதினான்கு மாதப் பிள்ளைகளுக்கு ஒரு மேசை விளக்கைக் காட்டினார்கள். காட்டியவர் நெற்றியால் முட்டி விளக்கைக் கொளுத்தினார். கை சும்மா இருக்க நெற்றியால் முட்டினபோது பிள்ளைகளில் 69 வீதமானோர் அப்படியே முட்டினார்கள். குளிருக்குப் போர்வையைப் பிடித்தபடி முட்டினபோது 21 வீதமானோர்தான் முட்டினார்கள். மற்றவர்கள் தங்கள் கையாலேயே அழுத்தினார்கள். பாவம், அவவுக்குக் கை ஓய்வாக இல்லை என்று விளங்கியிருக்கிறது! எது வேலை, எது வசதியீனம் என்று இந்த வயதிலேயே பிரித்துப் பார்க்கிறார்களாம். என் பேத்திதான் என் நாரிப்பிடிப்பை இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

ரவுண் சாமான் எடுபடாததற்கும் காரணம் இதுதான். நீங்கள் அந்தப் பிளாஸ்ரிக் போனில் ஒருநாளும் கதைத்ததில்லையே. அவள் பார்ப்பது உங்கள் கையை. ஆகவே குசினியில் கீழ்த் தட்டு ஒன்றை அவளுக்கு விடுங்கள்: இரண்டு பேணி, மர அகப்பை, விளிம்பு தேய்த்த சிரட்டை, ஒரு மூடி. திருவலையும் கத்தியும் உயரத்தில். மாமிக்குக் குழப்படிபோலத் தெரியும்; பக்கத்தில் இருந்து பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கடுமை. சோடாப் போத்தலில் மண்ணெண்ணெயோ புல்லுக்கு அடிக்கிற மருந்தோ ஊற்றி வைக்காதீர்கள். வயல் செய்கிற வீடுகளில் இது இன்றைக்கும் நடக்கிறது. ஒன்றும் விளங்காத பிள்ளையைவிட, போத்தல் என்றால் குடிப்பதற்கு என்று விளங்கின பிள்ளைக்குத்தான் ஆபத்து கூட. சாமானைக் காட்டி நாமே பிள்ளைக்குப் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

நாங்கள் பொய் சொல்ல வேண்டியிருந்த காலமும் ஒன்று இருந்தது. என் மகன் 1998இல் பிறந்தவன். போர்க்காலம், வன்னிக்கு கரண்டும் இல்லை, மண்ணெண்ணெயும் அளந்துதான். ஜாம் போத்தலின் அடியில் துண்டுப் பஞ்சு, அதில் ஊறினது கொஞ்ச எண்ணெய், ஒரு திரி. அதுதான் விளக்கு. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சி உண்மையான ஜாம் ஒரு போத்தல் கொண்டுவந்தா. அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு "திரி எங்க?" என்றான். தின்னக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். விளக்கைத் தின்னச் சொல்லலாமா? அந்த மகனின் மகள்தான் இப்போது சுளகோடு ஆடுகிறவள்.

இன்னொன்று. முன்பள்ளியில் நாங்கள் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள் என்று படிப்பித்துக்கொண்டே, வளவில் தெரியாத இரும்பு கிடந்தால் அது வெடிக்கிற சாமானாக இருக்கலாம், தொடாதே, பெரியாக்களிடம் சொல் என்றும் படிப்பித்தோம். உங்கள் மகளுக்கு அது விளங்கும் வயதில்லை. புதிதாகத் துப்புரவாக்கின காணியென்றால் முதலில் நீங்கள் நடந்து பாருங்கள், பிறகு பிள்ளையை இறக்குங்கள்.

கேள்வி: பேரனுக்கு 20 மாதம். உள்ளங்கை அளவான பிளாஸ்ரிக் உழவு மெசின் ஒன்று வைத்திருக்கிறான். அதற்குள் காலை விட்டு ஏறப் பார்க்கிறான். ஏற முடியாமல் அழுகிறான். இதற்கு என்ன செய்ய? மற்றபடி கெட்டிக்காரன், முறிகண்டிக் கச்சானைக் கோது உடைத்து எடுக்கிறான்.
– ஒரு அப்பப்பா, விசுவமடு

பதில்: சிரியுங்கள் ஐயா, ஆனால் அவன் காணாமல். 2004இல் ஜூடி டிலோச் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் இதையே எழுதினார்கள். ஒன்றரை முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகளைப் பெரிய கதிரை, சறுக்கு, ஏறி ஓடுகிற கார் எல்லாவற்றிலும் விளையாட விட்டு, பிறகு அதே சாமான்களைக் குட்டியாக வைத்தார்கள். பிள்ளைகளில் பலர் குட்டிக் கதிரையில் இருக்கவும் குட்டிக் காருக்குள் கால் வைக்கவும் பார்த்தார்கள். பகிடிக்கில்லை, உண்மையாகவே. மெசின் என்று கண்ட உடனே ஏறுகிற நினைப்பு வந்துவிடுகிறது. அளவு பார்க்கிற நிதானம் பிந்தித்தான் வரும். தானாக மாறும். முற்றத்தில் உண்மையான மெசினும் நிற்குமென்றால் திறப்பை உயரத்தில் கொழுவுங்கள், மெசினை எடுக்கும்போது சில்லுக்குக் கீழே பாருங்கள்.

கச்சான் விஷயம்தான் எனக்குக் கவலை. முழுக் கச்சான் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், ஐந்து வயது வரைக்கும் கொடுக்கக் கூடாது. அவன் உடைத்துத் தரட்டும், நீங்கள் தின்னுங்கள், பல்லு மிச்சமிருந்தால். அவனுக்கு உரலில் மாவாக இடித்து, கொஞ்சம் சீனி போட்டுக் கொடுங்கள். உலக்கையை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள்.